இல்ல வலையமைப்பில் கோப்புப் பரிமாற்ற வேகம்

இல்ல வலையமைப்பில் கோப்புப் பரிமாற்ற வேகம் என்பது ஒரே வீட்டிலுள்ள கணினிகளுக்கு இடையே ஒரு நொடியில் நகரும் தரவின் அளவைக் குறிக்கும். திருமண ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், கல்லூரிச் செயல்திட்டங்கள், பழைய கணினியின் முழு வன்தட்டு ஆகியவற்றை இன்னொரு கணினிக்கு மாற்றும்போது இவ்வேகத்தின் இன்றியமையாமை தெரியவரும். ஒரே அளவுத் தரவு ஒரு வீட்டில் எட்டு நிமிடத்திலும் மற்றொரு வீட்டில் ஐந்து மணி நேரத்திலும் நகர்வது உண்டு. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் விலையன்று. தரவு செல்லும் வழியில் எங்கோ இருக்கும் ஒரு குறுகலான பகுதியே ஆகும்.

வீட்டுக்குள் நடைபெறும் பரிமாற்றத்திற்கும் இணைய இணைப்பின் வேகத்திற்கும் தொடர்பில்லை. இரு கணினிகளும் ஒரே திசைவியுடன் (ரவுட்டர்) இணைந்திருந்தால், கோப்பு அத்திசைவி வழியாக மட்டுமே செல்லும். வெளி இணையத்தைத் தொடாது. எனவே கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான அகலப்பட்டைத் திட்டத்திற்கு மாறுவதால் வீட்டுக் கணினிகளுக்கு இடையிலான பரிமாற்றம் விரைவுபடாது. இணைய இணைப்பு அறுந்திருக்கும் வேளையிலும் இப்பரிமாற்றம் நடைபெறும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில்

தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் (திருப்பெரும்புதூர்) அமைந்துள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சந்திக்குமிடம் ஒரகடம் ஆகும். வாகன ஆலைகளுடன் மின்னணு ஆலைகளும் நிறைந்த இப்பகுதி கணினி, வலையமைப்பு ஆகிய இரண்டின் உற்பத்தியுடனும் தொடர்புடையது. டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கணினி ஆலையைத் தொடங்கியது. ஒரகடத்தில் நோக்கியா நிறுவனத்தின் தொலைத்தொடர்புக் கருவி ஆலை உள்ளது. இது 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய அந்நிறுவனத்தின் கைபேசி ஆலையிலிருந்து வேறானது. ஸ்ரீபெரும்புதூரில் ஆலை கொண்டுள்ள ஃப்ளெக்ஸ் நிறுவனத்துடன் இணைந்து சிஸ்கோ நிறுவனம் 2024 செப்டம்பரில் சென்னையில் திசைவி உற்பத்தியைத் தொடங்கியது. இவை தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான பெரிய திசைவிகள். வீட்டுத் திசைவிகள் அல்ல. எனினும் இரண்டின் அடிப்படைக் கோட்பாடு ஒன்றே.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், இப்பகுதியிலும் மாநிலத்தின் பிற பகுதிகளிலும் ஏற்கனவே மேசைக்கணினி இருந்த பல வீடுகளுக்கு இரண்டாவது கணினி வந்தது. ஒரு வீட்டில் இரண்டு கணினிகள் சேரும்போதே அவற்றுக்கிடையே கோப்புகளை நகர்த்தும் தேவையும் எழுகின்றது.

இத்தொழிற்பகுதியின் ஆலைகளில் நடைபெறும் ஒரு செயல் கோப்புப் பரிமாற்றத்தைப் புரிந்துகொள்ள நல்ல உவமையாகும். ஓர் உற்பத்தி வரிசையில் ஐந்து நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்கு நிலையங்கள் நிமிடத்திற்கு 10 பொருள்களை முடிக்க, ஒன்று மட்டும் 2 பொருள்களை முடித்தால், வரிசையின் இறுதியில் நிமிடத்திற்கு 2 பொருள்களே வெளிவரும். மற்ற நான்கு நிலையங்களில் எவ்வளவு செலவு செய்து மேம்படுத்தினாலும் இந்த எண் மாறாது. கோப்புப் பரிமாற்றத்திலும் அனுப்பும் வட்டு, அனுப்பும் கணினி, வலையமைப்பு, பெறும் கணினி, பெறும் வட்டு என ஐந்து நிலையங்கள் உள்ளன. மிக மெதுவான நிலையத்தைக் கண்டறிந்து அதை மட்டும் சீர்செய்வதே முறையான வழியாகும்.

அலகுகள்

வலையமைப்பின் வேகம் பிட்டுகளிலும் கோப்பின் அளவு பைட்டுகளிலும் கூறப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. எனவே நொடிக்கு 100 மெகாபிட்டு என விளம்பரப்படுத்தப்படும் இணைப்பு, அதிக அளவாக நொடிக்கு 12.5 மெகாபைட்டையே கடத்தும். முகவரி முதலிய தலைப்புத் தகவல்களும் தரவுடன் சேர்ந்து செல்வதால் நடைமுறையில் 11 முதல் 11.8 மெகாபைட்டு வரையே கிடைக்கும். கணினித் திரையில் 11 என்ற எண்ணைக் கண்டு இணைப்பு பழுதடைந்துள்ளதாகக் கருதுவது பொதுவான பிழையாகும்; அந்த இணைப்பு முழுத்திறனுடன் இயங்குகின்றது என்பதே அதன் பொருள்.

50 கிகாபைட்டு அளவுள்ள நிகழ்படங்களை நகர்த்த ஆகும் நேரம் தோராயமாகப் பின்வருமாறு:

* பழைய 54 மெகாபிட்டு கம்பியில்லா இணைப்பு (நொடிக்கு 2.5 மெகாபைட்டு எனக் கொண்டால்): ஐந்தரை மணி நேரம்
* 100 மெகாபிட்டு ஈதர்நெட் (11.5 மெகாபைட்டு): 72 நிமிடம்
* யூஎஸ்பி 2.0 வெளிவட்டு (35 மெகாபைட்டு): 24 நிமிடம்
* ஐந்தாம் தலைமுறை வைஃபை, அருகிலுள்ள அறை (40 மெகாபைட்டு): 21 நிமிடம்
* கிகாபிட் ஈதர்நெட் (110 மெகாபைட்டு): 8 நிமிடத்திற்கும் குறைவு

கம்பிவழி இணைப்பு

வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படும் கம்பிவழி வலையமைப்பு ஈதர்நெட் எனப்படும். இது 1973-இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் உருவானது. 100 மெகாபிட்டு ஈதர்நெட் 1995-இலும், முறுக்கிய இணைக்கம்பிகளில் இயங்கும் கிகாபிட் ஈதர்நெட் 1999-இலும் தரப்படுத்தப்பட்டன. அதே வகைக் கம்பிகளில் 2.5, 5 கிகாபிட்டு வேகங்களுக்கான தரம் 2016-இல் வெளியானது.

ஈதர்நெட் கேபிளினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டு இணைப்பு இவற்றுள் இரண்டு இணைகளை மட்டுமே பயன்படுத்துகின்றது. கிகாபிட் இணைப்புக்கு நான்கு இணைகளும் தேவை. எனவே கேபிளின் முனையில் உள்ள பொருத்தியில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் அல்லது எலி கடித்து ஒரு கம்பி அறுந்தாலும், கருவிகள் தாமாகவே 100 மெகாபிட்டுக்கு இறங்கி இயங்கக்கூடும். இணைப்பு அறுந்துபோகாததால் பயனருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது; வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகும். கிகாபிட் கருவிகள் இருந்தும் பரிமாற்றம் நொடிக்கு 11 மெகாபைட்டில் நின்றுவிட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது கேபிளையே ஆகும். நன்றாக இயங்கும் வேறொரு கேபிளை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனையாகும்.

கேபிள்கள் வகை எண்ணால் குறிக்கப்படுகின்றன. வகை 5இ, வகை 6 ஆகியவை 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கடைகளில் கிடைக்கும் மலிவான சில கேபிள்களில் முழுச் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினியக் கம்பிகள் இருக்கும். இவற்றின் மின்தடை கூடுதல். வளைத்தால் எளிதில் முறியும். சுவருக்குள் பதிக்கும் கேபிளைப் பின்னர் மாற்றுவது கடினமாதலால், முழுச் செம்புக் கேபிளை வாங்குவதே நீண்டகால நோக்கில் சிக்கனமாகும்.

கேபிள் மட்டுமன்றி வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் கிகாபிட் வேகத்தைத் தாங்க வேண்டும். இணையச் சேவையுடன் வழங்கப்படும் திசைவிகளுள் சிலவற்றில் 100 மெகாபிட்டுத் துளைகளே உள்ளன. இந்நிலையில் திசைவியை மாற்ற வேண்டியதில்லை. ஐந்து துளைகள் கொண்ட ஒரு கிகாபிட் சுவிட்சை வாங்கி, கணினிகளை அதில் இணைத்து, சுவிட்சிலிருந்து ஒரு கேபிளைத் திசைவிக்குக் கொடுத்தால் போதும். கணினிகளுக்கிடையே செல்லும் கோப்புகள் சுவிட்சோடு நின்றுவிடும்; திசைவியின் மெதுவான துளை இணையத்திற்கு மட்டும் பயன்படும்.

இரண்டு கணினிகள் மட்டும் இருந்தால் சுவிட்சும் தேவையில்லை. ஒரே கேபிளால் அவற்றை நேரடியாக இணைக்கலாம். முற்காலத்தில் இதற்குக் கம்பிகள் குறுக்காக மாற்றப்பட்ட சிறப்புக் கேபிள் தேவைப்பட்டது. கிகாபிட் கருவிகள் அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் தாமே அறிந்துகொள்வதால் சாதாரணக் கேபிளே போதும். இயங்குதளங்கள் 169.254 எனத் தொடங்கும் முகவரிகளைத் தாமாகவே அமைத்துக்கொள்ளும்.

கம்பியில்லா இணைப்பு

கம்பியில்லா இணைப்பில் (வைஃபை) காற்றுவெளி ஒரு பொதுவழி ஆகும். ஒரே அலைத்தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். இதனால் பெட்டியின் மீது அச்சிடப்பட்ட வேகத்தில் ஏறத்தாழப் பாதியே நல்ல சூழலிலும் கிடைக்கின்றது.

இரு கணினிகளும் கம்பியில்லாமல் ஒரே திசைவியுடன் இணைந்திருந்தால் இழப்பு மேலும் கூடும். கோப்பின் ஒவ்வொரு பகுதியும் முதலில் அனுப்பும் கணினியிலிருந்து திசைவிக்கும், பின்னர் திசைவியிலிருந்து பெறும் கணினிக்குமாக இருமுறை அதே காற்றுவெளியில் செல்கின்றது. ஆகவே வேகம் மீண்டும் பாதியாகும். இரண்டில் ஒரு கணினியை மட்டும் கேபிளால் திசைவியுடன் இணைத்தாலே பரிமாற்ற வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். வீடுகளில் குறைந்த முயற்சியில் கிடைக்கும் பெரிய பலன்களுள் இதுவும் ஒன்று.

கம்பியில்லா இணைப்பு முதன்மையாக 2.4 கிகாஏர்ட்சு, 5 கிகாஏர்ட்சு ஆகிய இரு அலைவரிசைப் பட்டைகளில் இயங்குகின்றது. இந்தியாவில் முதலாவது பட்டைக்கு 2005-லும், இரண்டாவது பட்டையின் விரிவான பகுதிக்கு 2018-லும் உரிமம் தேவையில்லை என அறிவிக்கப்பட்டது. 2.4 கிகாஏர்ட்சு அலைகள் சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றுடன் ஒன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. ஆலைப் பணியாளர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் வாடகைக் குடியிருப்புகள் போன்ற இடங்களில் பல திசைவிகள் இம்மூன்று தடங்களைப் பகிர்ந்துகொள்ள நேரிடும். 5 கிகாஏர்ட்சு பட்டையில் தடங்கள் மிகுதி, வேகமும் கூடுதல். ஆனால் சுவர்களால் எளிதில் தளரும்.

தமிழ்நாட்டு வீடுகளில் செங்கற் சுவர்களும் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளங்களும் பரவலாகக் காணப்படுகின்றன. கீழ்த்தளத்தில் உள்ள திசைவியின் அலை மேல்தளத்தை அடையும்போது பெரிதும் தளர்கின்றது. திசைவியை இரும்புப் பீரோவின் பின்னாலோ மூலையிலோ வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் உயரமாக வைப்பது பயனளிக்கும். இரு தளங்களுக்கும் இடையே மாடிப்படி வழியாக ஒரு கேபிளைக் கொண்டு சென்று மேல்தளத்தில் இன்னொரு அணுகுபுள்ளியை அமைப்பது நிலையான தீர்வாகும். வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரில் கேபிள் செல்ல நேர்ந்தால் வெளிப்புறப் பயன்பாட்டிற்கான உறையுள்ள கேபிளைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். மின்கம்பிகள் செல்லும் குழாயில் இதனைச் சேர்த்தல் ஆகாது.

வீட்டின் மின்கம்பிகள் வழியாகவே தரவை அனுப்பும் கருவிகளும் உள்ளன. மும்முனை மின்னிணைப்பு உள்ள வீடுகளில் இரு அறைகள் வெவ்வேறு முனைகளில் இருந்தால் இக்கருவிகளின் வேகம் வெகுவாகக் குறையலாம். சில வேளைகளில் இணைப்பே கிடைக்காது.

வட்டுகளின் பங்கு

வலையமைப்பு வேகமானதும் குறுகலான பகுதி வட்டுக்கு மாறுகின்றது. மேசைக்கணினிகளின் சுழலும் வன்தட்டு, தொடர்ச்சியான பெரிய கோப்பை நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட்டு வரை படிக்கும். பழைய மடிக்கணினிகளின் வன்தட்டுகள் இதனினும் மெதுவானவை. திண்மநிலை வட்டு (எஸ்எஸ்டி) சாட்டா இணைப்பில் 500 மெகாபைட்டு அளவிலும், என்விஎம்இ இணைப்பில் ஆயிரக்கணக்கான மெகாபைட்டு அளவிலும் இயங்கும். கிகாபிட் வலையமைப்பின் எல்லை 118 மெகாபைட்டு அளவிலேயே இருப்பதால், கோப்புப் பரிமாற்றத்திற்காக மட்டும் மிக விலையுயர்ந்த வட்டை வாங்குவது பயனற்றது.

திசைவியின் யூஎஸ்பி துளையில் வெளிவட்டை இணைத்து அனைவரும் பயன்படுத்தும் முறையும் வழக்கில் உள்ளது. இம்முறையில் குறுகலான பகுதி பெரும்பாலும் திசைவியின் சிறிய செயலி ஆகும். பெரிய கோப்புகளை மாற்றுவதற்கு அவ்வட்டைக் கணினியிலேயே இணைத்தல் நன்று.

சிறு கோப்புகள்

ஒரே அளவுத் தரவாயினும், ஒரு பெரிய கோப்பை விட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் மெதுவாகவே நகரும். ஒவ்வொரு கோப்பையும் உருவாக்குதல், திறத்தல், உரிமைகளைக் குறித்தல், மூடுதல் ஆகியவற்றிற்கு இரு கணினிகளும் தனித்தனியே செய்தி பரிமாறிக்கொள்கின்றன. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே ஆராய்கின்றது.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொன்றும் 50 கிலோபைட்டு அளவுள்ள 20,000 படங்களின் மொத்த அளவு 1 கிகாபைட்டு. கிகாபிட் இணைப்பில் இத்தரவுக்கு 9 நொடி போதும். ஆனால் ஒரு கோப்புக்கு 20 மில்லிநொடி இடைச்செலவு எனக் கொண்டால், அதற்கு மட்டும் 400 நொடி ஆகும். திரையில் வேகம் நொடிக்கு இரண்டரை மெகாபைட்டுக்கும் குறைவாகவே காட்டும். வலையமைப்பில் குறையேதும் இல்லாதபோதும் இவ்வாறு நேரும்.

இதற்குத் தீர்வு, கோப்புகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கட்டி அனுப்புவதாகும். ஒளிப்படங்களும் நிகழ்படங்களும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. எனவே அவற்றை மீண்டும் சுருக்க முயல்வது செயலியின் நேரத்தை வீணாக்கும். சுருக்காமல் தொகுக்கும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும். உரைக்கோப்புகளும் நிரல்மூலங்களும் சுருக்கத்தால் பெரிதும் சிறுக்கும்.

நெறிமுறைகளும் பாதுகாப்பும்

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. லினக்சு இயங்குதளங்களில் இதே நெறிமுறையைச் சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள் வழங்குகின்றது. இதன் பணியை ஆன்ட்ரூ டிரிட்ஜெல் ஆத்திரேலியாவில் தொடங்கினார். எஸ்எம்பியின் முதற்பதிப்பு சிறு சிறு துண்டுகளாகத் தரவைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் விடைக்காகக் காத்திருக்கும் இயல்புடையது. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த இரண்டாம் பதிப்பும் 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த மூன்றாம் பதிப்பும் பெரிய துண்டுகளை ஒருசேரக் கையாள்கின்றன.

முதற்பதிப்பைத் தவிர்ப்பதற்கு வேகத்தை விடப் பெரிய காரணமும் உண்டு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பிணைத்தொகைத் தீநிரல், அப்பதிப்பின் விண்டோஸ் செயற்படுத்தத்தில் இருந்த குறைபாட்டைப் பயன்படுத்தி ஒரு கணினியிலிருந்து அதே வலையமைப்பிலுள்ள மற்றொன்றுக்குத் தாவியது. கோப்புகளை மறையாக்கம் செய்து பணம் கேட்டது. பழைய சேமிப்புக் கருவி ஒன்று இயங்க வேண்டும் என்பதற்காக முதற்பதிப்பை மீண்டும் இயக்குவது வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளையும் இடருக்கு உள்ளாக்கும். வேகத்திற்காகத் தீச்சுவரை முழுவதுமாக நிறுத்துவதும் இத்தகையதே.

மறையாக்கத்துடன் அனுப்பும் எஸ்எஃப்டிபி போன்ற நெறிமுறைகள் பழைய செயலிகளில் மெதுவாக இயங்கலாம். அடிக்கடி ஒரே தொகுப்பைப் படியெடுப்போருக்கு, 1996-இல் வெளியான ஆர்சிங்க் ஏற்றதாகும். இது மாறிய கோப்புகளை மட்டுமே கண்டறிந்து அனுப்புகின்றது. அனுப்பத் தேவையற்றதை அனுப்பாமல் விடுவதும் வேகத்தைக் கூட்டும் வழியே.

ஈதர்நெட் சட்டத்தின் அளவை 1500 பைட்டிலிருந்து 9000 பைட்டாக உயர்த்தும் முறையும் சிலரால் பரிந்துரைக்கப்படுகின்றது. இதனால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 5 விழுக்காடே. வழியிலுள்ள எல்லாக் கருவிகளும் இதனைத் தாங்காவிட்டால் இணைப்பு தடைபடும். எனவே பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையற்றது.

குறையைக் கண்டறிதல்

பின்வரும் வரிசையில் சோதித்தால் குறுகலான பகுதி தெளிவாகும்:

1. இயங்குதளத்தின் வலையமைப்பு நிலைப் பக்கத்தில் இணைப்பின் வேகத்தைக் காணல். கேபிள் இணைப்பில் 100 எனக் காட்டினால் கேபிள், துளை, சுவிட்சு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
2. ஐபெர்ஃப் என்னும் கட்டற்ற மென்பொருளை இரு கணினிகளிலும் இயக்குதல். இது வட்டுகளைத் தொடாமல் வலையமைப்பை மட்டும் அளக்கும். கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 940 மெகாபிட்டு கிடைத்தால் வலையமைப்பில் குறையில்லை.
3. ஒரே பெரிய கோப்பை அனுப்பிப் பார்த்தல். இது மெதுவாக இருந்தால் வட்டு, செயலி ஆகியவற்றை ஆராய வேண்டும்.
4. பெரிய கோப்பு விரைவாகவும் உறை மெதுவாகவும் சென்றால் சிறு கோப்புகளே காரணம்.

படியெடுத்தலும் சரிபார்த்தலும்

வேகத்தைக் காட்டிலும் கோப்புகள் பழுதின்றிச் சேர்வதே முதன்மையானது. திருமண நிகழ்படத்தின் ஒரே படி ஒரு பழைய கணினியில் இருக்குமாயின், அதனை வெட்டி ஒட்டுவதை விடப் படியெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது. இடையில் மின்தடை ஏற்பட்டால், எழுதப்படும் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். சில வேளைகளில் வட்டின் கோப்பு முறைமையே பழுதடையும். மேசைக்கணினி, சுவிட்சு, திசைவி ஆகிய மூன்றையும் தடையிலா மின்வழங்கியில் இணைத்தல் நன்று. கணினிகளுக்கு மட்டும் மின்சாரம் இருந்து சுவிட்சு அணைந்தாலும் பரிமாற்றம் அறுபடும்.

படியெடுத்த பின்னர் இருபுறமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட வேண்டும். இன்றியமையாத கோப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒரு பிட்டு மாறினாலும் இத்தொகை மாறிவிடும். இரண்டும் ஒத்திருந்த பின்னரே மூலக்கோப்பை அழிக்க வேண்டும். பழைய வட்டில் வேறு தேவை எழும் வரை மூலக்கோப்பை விட்டுவைத்தால், அது செலவில்லாத காப்புப் படியாகவும் அமையும்.

இவற்றையும் பார்க்க

* ஈதர்நெட்
* திசைவி
* வன்தட்டு நிலை நினைவகம்
* கட்டற்ற மென்பொருள்
* ஸ்ரீபெரும்புதூர்
* ஒரகடம்